104 கெல்வின் காட்டிய வில்லை: ஆக்சைடு மீக்கடத்தி ஆய்வில் ஒரு நிகழ்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் ஆசிரியர். 2023 ஜூன் முதல் டிசம்பர் வரை ஒரு முதுகலைச் செயல்திட்டத்துக்கு வழிகாட்டியாக இருந்தபோது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குழுவில் மூன்று பேர்: இரண்டு மாணவிகள், ஒரு மாணவர். மூவருக்கும் வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம். ஆய்வக மேசையில் பேச்செல்லாம் தமிழ்தான். பெயர்களை விட்டுவிடுகிறேன். அளவீட்டை ஏற்றிருந்தவரை மட்டும் 'மாணவி' என்று குறிக்கிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு. 1986இல் சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னோர்சும் மியுல்லரும் லாந்தனம் பேரியம் காப்பர் ஆக்சைடில் 30 கெல்வினை ஒட்டி மீக்கடத்தல், அதாவது மின்தடை அடியோடு மறைவது, தொடங்குவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே வூ, சூ குழுவினர் லாந்தனத்தின் இடத்தில் இட்ரியத்தை வைத்து 93 கெல்வினை எட்டினார்கள். திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் (கழித்தல் 196 டிகிரி செல்சியசில்) கொதிக்கிறது. 93 அதற்கு மேலே இருப்பதால்தான் எங்களைப் போன்ற சிறிய கல்லூரியிலும் இந்த வேலையைத் தொட முடிகிறது.

நைட்ரஜனைக் கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக எடுத்து வருவோம். கேன், பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக் குழல்களை வைத்திருக்கும் அதே வகைக் கேன். ஒரு பழையதை இரவல் வாங்கியிருந்தோம். வண்டியின் கண்ணாடிகளை இறக்கி விட்டுத்தான் வர வேண்டும், கேனின் வாயை இறுக்கி மூடக் கூடாது. இதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவியாகும் நைட்ரஜன் வெளியேற வழி இல்லாவிட்டால் கேன் வெடிக்கும். மூடிய வண்டிக்குள் அது நிறைந்தால் மூச்சுக்குக் காற்று இராது.

கேள்வி எளிமையானது. இட்ரியத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு கால்சியத்தை வைத்தால் மாறுநிலை வெப்பநிலை, அதாவது பொருள் மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை, என்னவாகும்?

வில்லைகள்

இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் அகேட் உரலில் அரைத்து, 900 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேல் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, 940 டிகிரியில் மீண்டும் சுட்டோம். பேரியம் கார்பனேட் நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொட விட்டதில்லை. கடைசியாக 450 டிகிரியில் ஆக்சிஜன் ஓட்டத்தில் நெடுநேரம் வைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். இந்தப் படி பிசகினால் எல்லாம் பிசகும். வாய்பாட்டில் ஆக்சிஜன் 7ஐ நெருங்கினால் அது 90 கெல்வினைத் தாண்டும் மீக்கடத்தி, 6.6 அளவில் 60 கெல்வின். 6க்கு இறங்கினால் மின்சாரம் கடத்தாத வெறும் பீங்கான்.

ஜூலை, ஆகஸ்டில் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் மின்கம்பிகளைச் சும்மா விடுவதில்லை. இரண்டு முறை இரவில் மின்சாரம் போய் உலை நின்றது. இரண்டு தொகுதியையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினோம். ஜூலை நடுவில் கால்சியம் சேர்க்காத தூய வில்லை கிடைத்தது. நான்முனை முறையில் (இரண்டு முனையில் மின்னோட்டம், வேறு இரண்டு முனையில் மின்னழுத்தம்) அளந்தபோது 91 கெல்வினில் மின்தடை சுழியமானது. எதிர்பார்த்ததுதான்.

அந்த மாதக் கடைசியில் கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற சேர்மத்தைப் பற்றிய செய்தி வந்தது. அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்றார்கள். எல்லாக் கைபேசியிலும் பாதி மிதக்கும் கரிய துண்டின் படம். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகக் குழு உட்படப் பலர் செய்து பார்த்தும் மீக்கடத்தலைக் காணவில்லை. மின்தடையில் தெரிந்த திடீர் வீழ்ச்சிக்குக் காரணம் காப்பர் சல்பைடு என்ற கலப்படத்தின் கட்டமைப்பு மாற்றம் என்று ஆகஸ்ட் நடுவிலேயே தெளிவாகிவிட்டது. ஆனால் 'யாராவது, எங்கேயாவது கண்டுபிடித்துவிடுவார்கள்' என்ற படபடப்பு எங்கள் ஆய்வகத்திலும் தங்கிவிட்டது. பின்னால் நடந்ததில் அதற்கும் பங்குண்டு.

கவனித்தது

செப்டம்பர் இரண்டாம் வாரம், கால்சியம் சேர்த்த முதல் வில்லையை அளந்தார்கள். நான் வகுப்பில் இருந்தேன். மாணவி வாசலில் வந்து நின்று, "சார், கொஞ்சம் வாங்க சார். 104ல விழுந்திருச்சுங்க" என்றார்.

வரைபடத்தில் மின்தடை வளைவு அழகாக இருந்தது. மேலிருந்து நேர்க்கோடாக இறங்கி, 110 அருகே வளைந்து, 104இல் சுழியம். மின்னோட்டத்தின் திசையை மாற்றிப் பார்த்தோம், அப்போதும் சுழியம்தான். எனவே முனை கழன்று பொய்ச் சுழியம் காட்டும் சங்கதி இல்லை. நைட்ரஜனில் குளிர்ந்த வில்லையின் மேல் சிறு காந்தம் மிதந்தது. அது மீக்கடத்திதான் என்பதில் ஐயம் இல்லை. எந்த வெப்பநிலையில் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. மாதிரித் தட்டு முழுக்கத் திரவத்துக்குள் மூழ்கியபின் வெப்பமானி காட்டியது 82 கெல்வின் என்று மாணவி ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். பக்கத்தின் அடியில் என் கையொப்பம் இருக்கிறது. நான் 104ஐ மட்டும் பார்த்தேன்.

விளக்கங்கள் வந்த வேகம்

இந்த நிகழ்வில் நான் மிகவும் யோசித்த பகுதி இதுதான். நான்கே நாளில் மாணவி பதினான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். 104 ஏன் வந்தது என்பதற்கு மூன்று விளக்கங்கள். படிக்காமல் எழுதியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிலைபெற்ற ஆய்வு இருக்கிறது.

முதலாவது, வேதி அழுத்தம். லாந்தனம் சேர்மத்தை அழுத்தியபோது மாறுநிலை வெப்பநிலை 50 கெல்வின் வரை ஏறியதைச் சூ கண்டார். வெளியிலிருந்து அழுத்துவதற்குப் பதில் சிறிய அயனியை உள்ளே வைத்தால் படிகம் தானே இறுகும் என்ற எண்ணம்தான் இட்ரியத்துக்கு வழி காட்டியது. பாதரசம் சேர்ந்த காப்பர் ஆக்சைடுச் சேர்மம் சாதாரண அழுத்தத்தில் 133 கெல்வின். சுமார் 30 கிகாபாஸ்கல் அழுத்தத்தில் 164. 1998இல் லோக்கே குழுவினர் லாந்தனம் ஸ்ட்ரான்சியம் சேர்மத்தின் மென்படலத்தைப் பக்கவாட்டில் நெருக்கும் அடித்தளத்தின் மேல் வளர்த்து, 25 கெல்வினை 49 ஆக்கினார்கள். அப்படியானால் கால்சியமும் இறுக்கியிருக்கலாம் என்று மாணவி எழுதியிருந்தார்.

இரண்டாவது, துளைகளின் எண்ணிக்கை. மூன்று மின்னேற்றம் உள்ள இட்ரியத்தின் இடத்தில் இரண்டு மின்னேற்றம் உள்ள கால்சியம் வந்தால் காப்பர்-ஆக்சிஜன் தளத்தில் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள், கூடும். 1989இல் உயேமுரா குழுவினர், மீப்பாய்மத்தின் (மின்தடையின்றி ஓடும் மின்துகள்களின்) அடர்த்தி கூடக் கூட மாறுநிலை வெப்பநிலையும் நேர்விகிதத்தில் ஏறுவதைக் காட்டினார்கள். ஆகவே துளை கூடினால் வெப்பநிலை கூடும்.

மூன்றாவது விளக்கம் எனக்கே மிகவும் பிடித்தது. மீக்கடத்தலுக்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். எலக்ட்ரான்கள் இணை சேர வேண்டும். சேர்ந்த இணைகளெல்லாம் ஒரே கட்டத்தில், அவற்றின் அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும்படி, பூட்டிக்கொள்ள வேண்டும். சாதாரண உலோகங்களில் இரண்டும் ஒரே வெப்பநிலையில் நடந்துவிடுகின்றன. துளை குறைந்த ஆக்சைடுகளில் அப்படி இல்லை என்று 1995இல் எமரியும் கிவெல்சனும் வாதிட்டார்கள்: இணை சேரும் வலிமை மிகுதி, பூட்டிக்கொள்ளும் விறைப்பு குறைவு. நென்மாறை வேலத் திருவிழாவில் பஞ்சவாத்தியம் கேட்டவர்களுக்கு இது விளங்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது ஒன்று. வரிசை முழுவதும் ஒரே காலத்தில் நிற்பது வேறு. துளைகளைக் கூட்டினால் விறைப்பு ஏறுகிறது, இணையின் வலிமை இறங்குகிறது. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால்தான், துளைக்கு எதிராக மாறுநிலை வெப்பநிலையை வரைந்தால் குவிமாடம் போன்ற வளைவு வருகிறது. அப்படியானால் துளை குறைந்த அடுக்கையும் துளை மிகுந்த அடுக்கையும் ஒட்டி வைத்தால், ஒன்று இணையைத் தரும், மற்றது விறைப்பைத் தரும் என்று 2002இல் கிவெல்சன் முன்வைத்தார். மூன்று தளங்கள் உள்ள பாதரசச் சேர்மத்தில் நடுத்தளத்தில் துளை குறைவு, வெளித்தளங்களில் மிகுதி. இயற்கையே அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பதாக அதைப் படிக்கலாம். எங்கள் வில்லையில் கால்சியம் சீராகக் கலக்காததால் இரண்டு வகைப் பகுதிகளும் அருகருகே அமைந்துவிட்டன என்பது மாணவியின் ஊகம்.

பதினான்கு பக்கத்தையும் படித்து முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே ஓர் உறுத்தலும் வந்தது. 104 என்பதற்குப் பதில் 70 என்று வந்திருந்தாலும் இதே நூல்களிலிருந்து இதே அளவுக்கு நல்ல மூன்று விளக்கங்களை எழுதியிருக்க முடியும். இந்தத் துறையில் கருத்துகளுக்குப் பஞ்சமே இல்லை. எலக்ட்ரான்கள் இணை சேர்வதை விளக்க 1987இல் ஆண்டர்சன் தொடங்கிவைத்த ஒத்ததிர்வு இணைப்புக் கோட்பாட்டை அவரோடு சேர்ந்து வளர்த்தவர்களில் ஒருவர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் பாஸ்கரன். அன்று முதல் இன்று வரை இணை எப்படிச் சேர்கிறது என்பதில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விடை இல்லை. விடை முடிவாகாத துறையில் எந்த எண்ணுக்கும் ஒரு விளக்கம் அகப்படும்.

எடுத்த முடிவுகள்

கோவையில் ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்ப ஐந்து நாள் இருந்தது. 'முதற்கட்ட முடிவு' என்று ஒரு சொல் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். மாணவர்களின் எதிர்காலத்தை நினைத்துத்தான் சொன்னார். நான் அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தேன். எங்கள் எண் உண்மையானால் அது ஐந்து நாளில் பழசாகிவிடாது. பொய்யானால், 'முதற்கட்ட' என்ற சொல்லை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். 104 மட்டும் நிற்கும்.

அடுத்து, மூன்று விளக்கங்களையும் இந்த வில்லைக்கே பொருத்திப் பார்க்கச் சொன்னேன். பொதுவாக அவை சரியா என்று அல்ல. கால்சியம், பத்தில் ஒரு பங்கு, ஆக்சிஜன் நிறைந்த வில்லை, இந்த மூன்றுக்கும் பொருந்துமா என்று. ஒரு பிற்பகல் முழுக்கக் கரும்பலகையில் செய்தோம்.

வேதி அழுத்தம் முதலில் விழுந்தது. எட்டு ஆக்சிஜன் சூழ்ந்த இடத்தில் இட்ரியத்தின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம், கால்சியத்தின் ஆரம் 1.12. பெரிய அயனி படிகத்தை இறுக்காது. சூவின் கதையில் 1.16 உள்ள லாந்தனத்தின் இடத்துக்கு 1.02 உள்ள இட்ரியம் வந்தது. எங்கள் கதை எதிர்த்திசையில் போகிறது. மாணவி அட்டவணையைப் பார்த்ததும் தன் தாளில் தானே கோடு போட்டு அடித்தார்.

துளை விளக்கம் சற்று நேரம் தாக்குப்பிடித்தது. உயேமுராவின் நேர்க்கோடு துளை குறைந்த பக்கத்துக்கு உரியது. ஒரு காப்பருக்கு 0.16 துளை என்பது உச்சி. அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோமோ அதன் வர்க்கத்தை 82.6ஆல் பெருக்கி, 1இலிருந்து கழித்தால், உச்ச வெப்பநிலையில் எத்தனை பங்கு மிஞ்சும் என்பது கிடைக்கும். ஆக்சிஜன் கூடினாலும் துளைகள் கூடும். அதனால் ஆக்சிஜன் நிறைந்த வில்லை ஏற்கெனவே உச்சியிலோ அதற்குச் சற்று அப்பாலோ நிற்கிறது. கால்சியம் அதை மேலும் தள்ளும். 0.19 என்று வைத்தால் 93இல் 86 மிஞ்சுகிறது, 0.20 என்றால் 81. கோட்பாடு சொல்வது இறக்கம்.

கூட்டு அடுக்கு விளக்கத்துக்கு அளவு இடித்தது. இந்த ஆக்சைடுகளில் ஓர் இணை பரவி நிற்கும் தொலைவு தளத்துக்குள் ஓரிரு நானோமீட்டர்தான். இரண்டு பகுதிகளும் அந்தத் தொலைவுக்குள் நெருங்கியிருந்தால்தான் ஒன்றுக்கொன்று கைகொடுக்க முடியும். நுண்ணோக்கியில் எங்கள் வில்லையின் படிகத் துகள்கள் மைக்ரோமீட்டர் கணக்கில், அதாவது ஆயிரம் மடங்கு பெரிதாக, தெரிந்தன.

104 நடக்கவே முடியாது என்று கோட்பாடு சொல்லவில்லை. இந்தப் பொருளில், இந்த வழியில், அது வர நியாயமில்லை என்று சொன்னது. அளவீட்டைச் சந்தேகிக்க அதுவே போதும்.

கடைசி முடிவு: மறு அளவீட்டுக்கு முன்பே மாணவி தன் எதிர்பார்ப்பைக் குறிப்பேட்டில் எழுதித் தேதியிட வேண்டும். '81 முதல் 86 வரை' என்று எழுதினார். எழுதிவிட்டு, "இத எழுதறதுக்கே மனசு வரலைங்க சார்" என்றார்.

மறு அளவீடு

வில்லையைப் பழைய தட்டிலேயே வைத்து, நைட்ரஜனை நோக்கி மூன்று வேகத்தில் இறக்கினோம். முன்போலச் சட்டென்று இறக்கியபோது 104. நிதானமாக இறக்கியபோது 97. இரண்டு மணி நேரம் எடுத்து இறக்கியபோது 91. பொருளின் மாறுநிலை வெப்பநிலை நாம் இறக்கும் வேகத்தைப் பார்த்து மாறாது. அந்த இடத்திலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

காரணங்கள் இரண்டு. ஆகஸ்டில் வெப்பமானியின் கம்பி அறுந்தபோது நாங்களே பற்றவைத்தோம். அப்போது அது வில்லைக்குப் பக்கத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே போய்விட்டது. நைட்ரஜன் ஆவியில் கீழே குளிர்ச்சி அதிகம், மேலே குறைவு. வேகமாக இறக்கும்போது வில்லை முந்திக் குளிர்ந்துவிடும். வெப்பமானி பின்னால் வரும்.

மற்றது கம்பி. முன்பு நான்கு கம்பியில் அளந்த பிளாட்டினம் வெப்பமானியை இப்போது இரண்டே மெல்லிய நீளக் கம்பியில் இணைத்திருந்தோம். கம்பியின் மின்தடை 2 ஓம். பனிக்கட்டி நீரில் 100 ஓம் காட்டும் இந்த வெப்பமானி 77 கெல்வினில் ஏறக்குறைய 20 ஓம் காட்டும். அந்த இடத்தில் ஒரு கெல்வினுக்கு 0.43 ஓம்தான். 2 ஓம் கூடினால் ஏறக்குறைய 5 கெல்வின் பொய். 77க்குப் பதில் 82 வந்தது அதனால்தான். அறை வெப்பநிலையிலும் அதே 5 டிகிரி கூடத்தான் காட்டியிருக்கிறது. பாலக்காட்டில் 29 டிகிரிக்குப் பதில் 34 காட்டினால் யாருக்கு உறுத்தும்?

தூய வில்லையை அளந்தது கம்பி அறுவதற்கு முன். அதனால் அதன் 91 சரியாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது கால்சியம் 13 கெல்வின் தூக்கிவிட்டது போலத் தோன்றியது.

பிறகு தட்டை மாற்றி அமைத்தோம். தூய வில்லையிலிருந்து ஒரு துண்டு, கால்சியம் வில்லையிலிருந்து ஒரு துண்டு, இரண்டும் ஒரே செப்புக் கட்டியின் மேல், ஒரே மின்னோட்டம் வரிசையாக இரண்டுக்குள்ளும். வெப்பமானியை நான்கு கம்பியோடு இரண்டுக்கும் நடுவில் கிரீஸ் வைத்துப் பதித்தோம். இந்த ஏற்பாட்டின் அருமை என்னவென்றால், எது முதலில் சுழியமாகிறது என்று அறிய வெப்பமானியே தேவையில்லை. குளிரக் குளிரத் தூய துண்டு முதலில் சுழியமானது. கால்சியத் துண்டு காத்திருந்து பின்னால் விழுந்தது. வெப்பமானி காட்டிய எண்கள் 91, 84. திரும்பச் சூடாக்கியபோதும் அரை கெல்வினுக்குள் அதே எண்கள்.

பின்விளைவு

இதற்குள் செய்தி ஊருக்குப் போயிருந்தது. மாணவி வீட்டில் சொன்னதை அப்பா தென்னந்தோப்பு நண்பர்களிடம் சொல்ல, வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம ஊர்ப் பொண்ணு' என்று படத்தோடு வந்துவிட்டது. திருத்தத்தை மாணவியே தனியாகச் சுமக்க விடக் கூடாது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன்.

"அப்ப தப்பாப் போச்சுங்களா சார்?" என்று அப்பா கேட்டார்.

"கருவியில தப்புங்க. கையெழுத்துப் போட்டது நான். அதைக் கண்டுபிடிச்சது உங்க பொண்ணு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எடை போடற தராசு கோணலா இருந்தா வாங்கறவன் விக்கறவன் ரெண்டு பேரும் கெட்டாங்க" என்று சொல்லிவிட்டு, குழுவில் தானே ஒரு வரி எழுதிப் போட்டார்.

செயல்திட்டம் அதோடு முடியவில்லை. கால்சியம் வில்லை உச்சியைத் தாண்டி அப்பால் நிற்கிறது என்றால், கொஞ்சம் ஆக்சிஜனை வெளியே எடுத்தால் துளைகள் குறைந்து உச்சியை நோக்கித் திரும்ப வேண்டும். வெப்பநிலை ஏற வேண்டும். தூய வில்லைக்கு அதையே செய்தால் இறங்க வேண்டும். இதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, இரண்டையும் காற்றில் 500 டிகிரியில் ஓர் இரவு வைத்து, சட்டென்று செப்புத் தகட்டின் மேல் போட்டுக் குளிர்வித்தோம். கால்சியத் துண்டு 84இலிருந்து 87க்கு ஏறியது. தூய துண்டு 91இலிருந்து 88க்கு இறங்கியது. உலகத்துக்கு இது புதிதில்லை. ஆய்விதழ்களில் எப்போதோ வந்த செய்தி. ஆனால் ஒரே உலையில், ஒரே இரவில், ஒன்று ஏற மற்றொன்று இறங்கியதை மூவரும் கண்ணால் பார்த்தார்கள். டிசம்பரில் ஒப்படைத்த அறிக்கையில் 104 வந்த வரைபடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

கம்பி ஒன்றைப் பற்றவைத்தால்கூட, அடுத்த அளவீட்டுக்கு முன் பனிக்கட்டி நீரிலும் நைட்ரஜனிலும் வெப்பமானியைச் சோதிக்கிறோம். குளிர்விக்கும்போதும் சூடாக்கும்போதும் இரண்டு வளைவும் இல்லாத வரைபடத்தில் நான் கையொப்பம் இடுவதில்லை. புதிய மாதிரி எதுவானாலும் பக்கத்தில் ஒரு தூய துண்டு கூடவே இருக்கிறது. இவை எளிது.

கடினமானது வேறு. மாணவர்களுக்குக் கோட்பாட்டைச் சொல்லித் தந்த வரிசையே தவறு என்று இப்போது நினைக்கிறேன். எந்தெந்த வழியில் வெப்பநிலை ஏறும் என்று பட்டியலாகச் சொன்னேன். எந்த நிலையில் அதே வழி இறக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டேன். அழுத்தம் என்றால் எந்த அச்சில், துளை என்றால் குவிமாடத்தின் எந்தப் பக்கம், அடுக்கு என்றால் எத்தனை நானோமீட்டரில் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பதினான்கு பக்கம் இரண்டு பக்கமாக இருந்திருக்கும். சந்தேகம் நான்கு நாள் முன்பே வந்திருக்கும்.

ஒரு கேள்வியை அடுத்த குழுவுக்கு விட்டிருக்கிறோம். ஆக்சிஜனைச் சரிசெய்தபின் கால்சியம் வில்லை 87 வரை வந்தது; ஆக்சிஜனை இன்னும் நுணுக்கமாக மாற்றிப் பார்த்தும் அது 91ஐத் தொடவில்லை. துளைகளின் எண்ணிக்கை மட்டுமே காரணமாக இருந்தால் உச்சி ஒன்றாகவே இருக்க வேண்டும். கால்சியம் தளங்களுக்கு நடுவே இடம் மாறி உட்கார்ந்து தரும் ஒழுங்கின்மையும் உச்சியைத் தாழ்த்துகிறது என்பது எங்கள் கருத்து. இருபதில் ஒரு பங்கு கால்சியத்தோடு ஒரு தொகுதி அரைத்தாகிவிட்டது. வில்லைகள் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் இருக்கின்றன. எதிர்பார்ப்பு 89 என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம்.